பச்சைப் போத்தலும் கோடா பீப்பாயும்

போயாவுக்கு முந்திய நாள் சாயங்காலம் மஸ்கெலியா டவுனில் சாராயக் கடை வரிசையில் நின்றால், மதுவரிச் சட்டம் பற்றி ஓசியிலேயே பாடம் கேட்கலாம். அதில் பாதி பிழை.

டுபாயிலிருந்து லீவில் வந்த ஒரு தம்பி போன மாதம் அடித்துச் சொன்னார்: "அப்சிந்த் குடிச்சா பைத்தியம் பிடிக்கும், அதான் ஒலகம் பூரா தடை." அந்தப் பச்சைச் சாராயத்தில் சேர்ப்பது நம் மருக்கொழுந்தின் இனத்துச் செடி ஒன்று, கூடவே பெருஞ்சீரகம். 1905இல் சுவிட்சர்லாந்தில் ஜான் லான்ஃப்ரே என்பவன் மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றான். அன்றைக்கு அவன் குடித்த அப்சிந்த் இரண்டு கிளாஸ்தான். வைனும் பிராந்தியும் அதைவிடப் பல மடங்கு. பழி மட்டும் பச்சைப் போத்தல் மேல் விழுந்தது. சுவிஸ் 1910இலும் பிரான்ஸ் 1915இலும் தடை போட்டன. சுவிஸ் 2005இல் தடையை எடுத்துவிட்டது. பிரான்ஸும் பிறகு கைவிட்டது. ஆளைச் சாய்ப்பது அதிலுள்ள மதுசாரம்தான். சில போத்தல்களில் அது 70 வீதத்தையும் தாண்டும்.

தம்பியின் அடுத்த கணக்கு, கொண்டு வந்த போத்தலைக் கொஞ்சம் லாபம் வைத்துத் தள்ளிவிடுவது. சுங்கத்தில் தீர்வையில்லாமல் விடுவது சொந்தப் பாவனைக்கு மட்டும். விற்பதென்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும், ஒரு போத்தல் என்றாலும்.

லயத்துப் பக்கம் வேறொரு நம்பிக்கை: வீட்டுத் தேவைக்குக் கசிப்புக் காய்ச்சினால் குற்றமில்லையாம். ஆற்றோரம் பற்றைக்குள் நீலப் பீப்பாய், உள்ளே சீனியும் ஈஸ்டும் நுரை கட்டிப் பொங்கும் கோடா. புளித்த வாடை பாதை வரைக்கும் வரும். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி ஒரு சொட்டு வடிக்குமுன்பே அது குற்றம். காய்ச்சுவதற்கென்று பொருளையும் பாத்திரத்தையும் வைத்திருந்தாலே போதும்.

பெண்கள் குடிப்பதே சட்டவிரோதம் என்பார் சிலர். 1979 வர்த்தமானி அறிவித்தல் தடுத்தது பெண்களுக்கு விற்பதை, குடிப்பதை அல்ல. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பழையபடி ஆக்கினார். கொழும்பில் அத்தனை சத்தம். இங்கே கொழுந்து மடுவத்தில் அதைப் பற்றி யாரும் பேசியதாக ஞாபகமில்லை.

"அப்பாவுக்குத்தான்" என்று காசோடு வரும் பையன் கதை எல்லாருக்கும் தெரியும். 2006இன் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக் கூடாது. பையனை அனுப்பியது யாராக இருந்தாலும், வழக்கு போத்தலை நீட்டியவர் மேல்தான்.