இளையோருக்கு ஓர் இசைச் சஞ்சிகை: திட்டமிட்டபோது நாம் கற்றவை

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடத்தைப் படிக்கும் எங்களுக்கு இவ்வருடம் ஒரு செயற்றிட்டம் தரப்பட்டது. 16 முதல் 25 வயது வரையானோருக்காகப் புதிய இசைச் சஞ்சிகை ஒன்றைத் திட்டமிட்டு, அதன் அட்டையையும் சில உட்பக்கங்களையும் வடிவமைத்துக் காட்ட வேண்டும்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். ஒரே மாலையில் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தோம். கைப்பேசியில் எடுத்த ஒரு சினிமா இசையமைப்பாளரின் படம், அதன்மேல் மஞ்சள் எழுத்து, உள்ளே புதுப்பாடல்களின் பட்டியல். ஆசிரியை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைகள், இதில் இருக்கிறதெல்லாம் கைப்பேசியில் சும்மா கிடைக்குதே. இதை யார் காசு கொடுத்து வாங்குவா?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. நாங்கள் படித்த பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

முன்னோர் எப்படித் தொடங்கினர்?

வேறு நாட்டு இசைச் சஞ்சிகைகள் எப்படிப் பிறந்தன என்று முதலில் தேடினோம். இங்கிலாந்தில் 1952இல் தொடங்கிய நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், அதே ஆண்டு நவம்பரில் இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தத் தட்டு அதிகம் விற்கிறது என்று கேட்டு, அந்நாட்டின் முதல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் 21 வயது இளைஞரான ஜான் வென்னர், ரால்ஃப் கிளீசன் என்ற இசை விமர்சகருடன் சேர்ந்து, 7,500 டொலர் கடன் பணத்தில் ரோலிங் ஸ்டோனைத் தொடங்கினார். பளபளப்பான தாளில் அல்ல, செய்தித்தாளில்தான் அது அச்சானது. 1978இல் வந்த ஸ்மாஷ் ஹிட்ஸ், இளையோர் சேர்ந்து பாடுவதற்காகப் பாடல் வரிகளை அச்சிட்டது. நமக்கு அருகே சென்னையில் 1983இல் என். பட்டாபிராமன் தொடங்கிய ஸ்ருதி, கர்நாடக இசையையும் நடனத்தையும் ஆழமாக எழுதியது.

நான்கும் நான்கு விதம். ஆனால் ஒவ்வொன்றும் தன் வாசகருக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தது. எங்கள் வாசகருக்கு அப்படி எதைக் கொடுப்பது?

கேட்டறிந்தவை

மூன்று கேள்விகளுடன் வகுப்புகளுக்கும் வீடுகளுக்கும் போனோம். என்ன கேட்கிறீர்கள்? எங்கே, யாருடன் கேட்கிறீர்கள்? எதை அறிய விரும்புகிறீர்கள்?

தோழியர் சொன்னவை நாங்கள் எதிர்பார்த்தவைதான். பெரியவர்களின் பதில்கள்தான் எங்களை நிறுத்தின. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை, நாகூர் ஹனீபாவின் குரல், ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பாடிய பொப்பிசை, நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்ப றபான் தட்டிப் பாடிவந்த பக்கீர் பாவாமார், கரைவலை இழுக்கையில் பாடிய அம்பாப் பாட்டு என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள்.

என் உம்மும்மா மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்னட்ட ஒரு பாட்டுக் கொப்பி இருந்தது மகள்" என்றார். றேடியோவில் கேட்டுக் கேட்டு எழுதியவையும், தன் உம்மாவிடம் படித்த தாலாட்டுகளும் அதில் இருந்தனவாம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். பிள்ளைகளைத் தூக்குவதா, கொப்பியைத் தேடுவதா? கொப்பி வீட்டோடு போனது.

அன்று இரவு ஆசிரியையின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. புதுப்படப் பாடலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உம்மும்மாவின் கொப்பியில் இருந்தவற்றை நாங்கள் எழுதாவிட்டால் எழுத ஒருவரும் இல்லை.

ஒரு வாப்பாவின் கேள்வி

தோழி ஒருத்தியின் வாப்பா இத்திட்டத்தை விரும்பவில்லை. "இசைப் புத்தகம் என்று சொல்லிக் கொண்டுவந்தால் வீட்டில் எங்கே வைப்பது?" என்றார். நாங்கள் அவரோடு வாதாடவில்லை. இசைக்கருவிகளைப் பற்றி எங்கள் ஐந்து வீடுகளிலுமே ஒரே கருத்து இல்லை. வாசகரின் வீட்டாரையும் நினைத்துத்தான் ஒரு சஞ்சிகையைத் திட்டமிட வேண்டும் என்பதை அவரிடம் கற்றோம். அதனால் சில விதிகள் வைத்தோம். பாடியவரின் சம்மதம் இல்லாமல் பெயரோ படமோ போடுவதில்லை. அட்டைக்குப் புகைப்படத்துக்குப் பதிலாக றபானின் கோட்டோவியம். குரலாலும் றபானாலும் மட்டும் பாடப்படுபவற்றுக்குத் தனிப் பகுதி.

பக்கங்களும் வடிவமைப்பும்

நடுவில் மடித்துத் தைக்கும் இதழின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். A4 அளவில் 16 பக்கங்களுக்கு நான்கு A3 தாள்கள் போதும். தாளின் ஒரே முகத்தில் அருகருகே அமையும் இரண்டு பக்கங்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும்: 16உம் 1உம், 2உம் 15உம். இது தெரியாமல் எங்கள் முதல் மாதிரியில் ஆறாம் பக்கத்துக்குப் பிறகு பதினொன்றாம் பக்கம் வந்தது.

பக்கங்களை இப்படிப் பங்கிட்டோம். ஊர்ப் பாடல்களுக்கு நான்கு, புதிய பாடகர்களுக்கு மூன்று, வானொலி நினைவுகளுக்கு இரண்டு, வாசகர் ஆக்கங்களுக்கு இரண்டு, விளம்பரத்துக்கு இரண்டு, உள்ளடக்கத்துக்கும் ஆசிரியர் உரைக்கும் ஒன்று. மிஞ்சிய இரண்டும் முன்பின் அட்டைகள்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு பக்கத்தை மூன்று நிரல்களாகப் பிரித்தால் வரிகளில் வெள்ளை இடைவெளிகள் விழுகின்றன. இரண்டு நிரல்களே அழகு. கீ, மு, ஷூ போன்ற எழுத்துக்கள் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையே இடமும் கூடுதலாக வேண்டும். பாமினியில் தட்டச்சு செய்ததை யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் எழுத்தெல்லாம் சிதறிவிடும். ஆகவே முதல் நாளே ஒன்றைத் தெரிவுசெய்து எல்லாரும் அதையே பயன்படுத்துங்கள். திரையில் மின்னும் நிறம் தாளில் மங்கும். முழுவதையும் அச்சிடுமுன் ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டுப் பார்ப்பது நல்லது.

பாடல் யாருக்குச் சொந்தம்?

சினிமாப் பாடல் வரிகளை முழுமையாக அச்சிடலாம் என்று எண்ணியிருந்தோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓர் ஆக்கத்தின் பதிப்புரிமை அதை ஆக்கியவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. அனுமதியின்றி அச்சிடக் கூடாது. ஊர்ப் பாடல்களை எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனாலும் பாடித் தந்தவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்பதை ஒவ்வொரு பாடலின் கீழும் குறிப்பது என்று முடிவுசெய்தோம்.

இறுதியில்

உம்மும்மாவுக்குப் பல வரிகள் மறந்துபோயிருந்தன. மறந்த இடங்களில் நாங்களாக எதையும் சேர்க்கவில்லை. புள்ளிகள் இட்டு வெறுமையாக விட்டோம். அதே பாட்டை அறிந்த வேறொரு மூதாட்டி முசலியிலோ புத்தளத்திலோ இருந்தால் அந்த வரியைச் சொல்லக்கூடும்.

மாதிரி இதழைத் தோழியின் வாப்பாவிடமும் கொடுத்தோம். இசைக்கருவிகள் பற்றிய அவரது கருத்து மாறவில்லை. ஆனால் பக்கீர் பாவாமாரைப் பற்றிய பக்கத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இவர்கள் எங்கட ஒழுங்கைக்கும் வருவாங்க, அதையும் எழுதுங்கோ" என்றார். அடுத்த மாதிரியில் எழுதினோம்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டுக் கொப்பி இருக்கலாம், அல்லது கொப்பி இல்லாமல் அதை நெஞ்சில் வைத்திருக்கும் ஒருவர் இருக்கலாம். சஞ்சிகை அச்சாகும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று அஸருக்குப் பிறகு அவர் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்.