நம்பிக்கைகளும் உண்மைகளும்: கோடிங் வராவிட்டால் டி.பி.எம். ஆகிவிடலாமா?

ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகும் பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகள் பேசுவதும் இதுதான். அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் ஐடி ஊழியர்கள் பேசுவதும் இதுதான்.

நம்பிக்கை 1: "கோடிங் ஒத்துவரலையா? டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர் (டி.பி.எம்.) ஆயிடு மச்சான். எக்ஸெல்லும் மீட்டிங்கும்தான் வேலை."

உண்மை: எத்தனை தடவைதான் சொல்வது? பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையைப் பாருங்கள். 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தவர், செயற்கைக்கோளின் இயக்கத்தைக் கணினியில் பாவனை செய்யும் மென்பொருளை உருவாக்கிய குழுவை நடத்தினார். சந்திரயான்-1 நிலவுக் கலத்தின் திட்ட இயக்குநர் பதவி அதற்கெல்லாம் பிறகு வந்தது.

அந்தக் கலத்தில் 11 கருவிகள். ஐந்து நம்முடையவை, ஆறு அமெரிக்கா, ஐரோப்பா, பல்கேரியாவிலிருந்து வந்தவை. 2008 அக்டோபர் 22இல் ஏவினார்கள். அடுத்த மாதமே, நிலவைச் சுற்றும்போது வெப்பம் 50 டிகிரி செல்சியஸுக்கு ஏறிவிட்டது. கலத்தைச் சுமார் 20 டிகிரி திருப்பி, சில கருவிகளை அணைத்து, வெப்பத்தைப் பத்து டிகிரி இறக்கினார்கள். எதை அணைக்கலாம், எதை அணைக்கவே கூடாது என்று எக்ஸெல் சொல்லுமா?

மென்பொருளிலும் அதே கதைதான். "டேட்டாபேஸ் மைக்ரேஷன் ரெண்டு நாள்" என்று ஒரு டீம் சொல்லும். "பாதியில் நின்றால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவீர்கள்? அதுவரை பேமென்ட் டீம் என்ன செய்யும்?" என்று டி.பி.எம். கேட்க வேண்டும். சர்வர் விழுந்து ஓர் இரவாவது கண்விழிக்காதவருக்கு இந்தக் கேள்வி தோன்றாது. கோடிங் செய்வது குறையலாம். புரிவது குறையக் கூடாது.

நம்பிக்கை 2: "பி.எம்.பி. (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொஃபஷனல்) சர்டிபிகேட் போதும்."

உண்மை: அந்தத் தேர்வை எழுதவே பட்டதாரிகளிடம் 36 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவம் கேட்கிறார்கள். இறுதியாண்டு மாணவரிடம் அதை விற்க வருபவரை வாசலோடு அனுப்புங்கள்.

நம்பிக்கை 3: "டி.பி.எம். என்றால் டீமுக்கே பாஸ்."

உண்மை: பெரும்பாலும் அவருக்குக் கீழே யாருமே இல்லை. காரணம் சொல்லித்தான் வேலையை நகர்த்த வேண்டும்.

நம்பிக்கை 4: "டி.பி.எம். ஆகப் போனால் கோடிங்குக்குத் திரும்ப முடியாது."

உண்மை: முடியும், கை துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால்.

மாற நினைப்பவர்களே, இரண்டு டீம் சேர்ந்து செய்யும் ஒரு ரிலீஸை இருக்கும் இடத்திலேயே கேட்டு வாங்கி நடத்திப் பாருங்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தினமும் எழுதி வையுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. நான்கு பேர், ஒரு கெடு, நழுவும் ஒருவன், ஓடாத ஒரு மாட்யூல்: ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் இந்தத் தொழிலின் பாலபாடம் முழுக்க இருக்கிறது. அதைத்தான் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கி, பைண்டிங் போட்டு நீட்டுகிறீர்கள். வைவாவில் ஒரு வரியைக் காட்டிக் கேட்டால் முழிக்கிறீர்கள். தெரிந்தும் கையெழுத்துப் போடும் ஆசிரியர்களையும் சேர்த்தே திட்டுகிறேன். நீங்களே செய்யுங்கள். ஓடாவிட்டால் போகட்டும், ஏன் ஓடவில்லை என்று நால்வரும் சொல்லத் தெரிந்தால், நான் அதற்கே மதிப்பெண் போடுவேன்.