பேத்திக்கு ஒரு கோடைக் கவுன்

மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கும்போது மகள் வயிற்றுப் பேத்தி மதுரைக்கு வந்துவிடுவாள். அதற்குள் நாலு கவுனாவது தைத்து, துவைத்து, மடித்து வைத்திருப்பேன். கடைக் கவுன்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் வலைத்துணியும் சாட்டினும் எங்கள் ஊர் வெயிலுக்கு ஆகாது. முதல் பிறந்தநாளுக்கு அப்படி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டோம். கேக் வெட்டுவதற்குள் கழுத்தைச் சொறிந்து சொறிந்து அழுதாள். கழற்றிப் பார்த்தால் முதுகெல்லாம் வேர்க்குரு. மறுநாளே மூலையில் கிடந்த கால்மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். ஐந்து வருடத்தில் தைத்துத் தைத்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன். பிளவுஸ் தைக்கத் தெரிந்தவர்கள் யாரும் இதைத் தைத்துவிடலாம். அளவுகள் நாலு வயதுக் குழந்தைக்கு உரியவை.

1. துணிக்கடைக்குப் போகும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள். பத்து வருடம் கட்டித் துவைத்த பருத்திப் புடவையின் மென்மை எந்தப் புதுத் துணிக்கும் வராது. சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கியிருக்கும், போக வேண்டிய சாயமும் போயிருக்கும். நான் அதிகம் வெட்டியது என் பழைய சுங்குடிப் புடவைகளைத்தான். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய அந்தப் புள்ளிகள் குழந்தை உடுப்புக்கென்றே வந்தவை போலிருக்கும். (மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.) வெட்டும் முன் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து எழுந்த இடமும் குதிகால் பட்ட ஓரமும் இழை தளர்ந்து சல்லடையாகத் தெரியும். அவற்றை ஒதுக்கிவிடுங்கள். இடுப்பில் முதலில் சொருகும் உள்முனைதான் தேயாமல் இருக்கும். மேலுடம்பை அதில் வெட்டுங்கள்.

2. சரிகைக் கரையைப் பாவாடையின் அடி ஓரத்தில் மட்டும் வைக்கலாம். கழுத்திலோ கையிலோ வைத்தால் வியர்வையோடு உரசித் தோலைக் கீறிவிடும்.

3. புதுத் துணிதான் என்றால் மல், கேம்பிரிக், மெல்லிய பாப்லின் மூன்றும் நல்லவை. 36 இன்ச் அகலத்தில் ஒன்றரை மீட்டர் போதும். "பியூர் காட்டன்தாம்மா" என்று கடைக்காரர் சொன்னாலும் வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் நாலு இழையை உருவி, சிங்க் பக்கம் நின்று தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடுகு போல இறுகும். கலப்புத் துணி வியர்வையை வாங்காது.

4. புதுத் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, ஈரப்பதம் இருக்கும்போதே இஸ்திரி போட்டபின் வெட்டுங்கள். கைத்தறி என்றால் இரண்டு முறை நனையுங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். எனக்கு நின்றதில்லை. தண்ணீர் தெளியும்வரை தனி வாளியில் அலசுவதுதான் வழி. தெளியவே தெளியாத துணியைக் குழந்தைக்குத் தைக்க வேண்டாம்.

5. குழந்தை இன்ச் டேப்புக்கு நிற்காது. சரியாகப் பொருந்தும் பழைய கவுன் ஒன்றைச் செய்தித்தாள் மேல் விரித்து, சுற்றிலும் கோடு போட்டு, தையலுக்கு அரை இன்ச் விட்டுக் காகிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள். நீளம் 21 இன்ச் வைத்தால் முழங்காலை ஒட்டி நிற்கும். அதில் மேலுடம்பு ஆறரை, பாவாடை பதினாலரை. மார்புச் சுற்றளவு 22, 23 இன்ச் இருக்கும். அதோடு நாலு இன்ச் தளர்வு சேருங்கள். உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்று நுழைய வேண்டும். பிளவுஸ் தைத்துப் பழகிய கை பிடித்துத் தைக்கத்தான் பார்க்கும்.

6. தலையை அளக்க மறக்காதீர்கள். நான் தைத்த முதல் கவுனில் கழுத்தை அளவாக வெட்டி, பைப்பிங் வைத்து, ஆசை ஆசையாக மாட்டினேன். நெற்றிக்கு வந்து நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. துணிக்குள்ளிருந்து மூச்சு முட்ட அலறினாள். கத்தரிக்கோலை எடுத்து முதுகுப்புறம் நறுக்கித்தான் வெளியே எடுத்தேன். கைநடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்றிலிருந்து இந்தக் கணக்கைப் போடாமல் கழுத்து வெட்டுவதில்லை: நாலு வயதில் தலைச் சுற்றளவு சுமார் 20 இன்ச். கழுத்து வளையம் 13 இன்ச் வைத்து, முதுகில் நாலரை இன்ச் திறப்பு விட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து 9. ஆக 22. தலை தாராளமாக நுழையும்.

7. கை வெட்டுத்தான் கோடைக் கவுனின் உயிர். தோளிலிருந்து ஐந்தரை இன்ச் இறக்குங்கள். குறைந்தால் அக்குளில் அறுக்கும். கூடினால் குனியும்போது உள்ளே தெரியும். தைத்துமுடிக்கும் முன், ஊசிநூலால் ஓட்டிய நிலையிலேயே ஒருமுறை போட்டுவிட்டு, "மேலே இருக்கிற பல்லியைக் காட்டு" என்று சொல்லுங்கள். இரண்டு கையையும் தூக்குவாள். மேலுடம்பு மொத்தமும் கையோடு மேலேறினால் அக்குள் இறுக்கம் என்று அர்த்தம். கால் இன்ச் கால் இன்ச்சாகக் கீழே வெட்டி இறக்குங்கள். தோள்பட்டை இரண்டு இன்ச் அகலமாவது இருக்கட்டும். நூல் மாதிரி மெல்லிய பட்டை வைத்தால் வெயிலில் தோள் கன்றிவிடும், விளையாடும்போது நழுவிக்கொண்டே வரும்.

8. வெட்டுக்கோடு போட, தேய்ந்து சில்லாகிப் போன குளியல் சோப்பு போதும். புது மண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே ஒரு தையல்காரரிடம் பார்த்துக் கற்றது. (அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.) கோடு மெல்லிசாக விழும், முதல் துவையலில் போய்விடும். பேனாவை மட்டும் தொடவே வேண்டாம்.

9. மெல்லிய துணிக்கு 11-ஆம் எண் ஊசி. 16-ஆம் எண்ணை மாட்டி மல் துணி தைத்தால் துளை துளையாக விழும், இழை இழுத்துக்கொள்ளும். முனை மழுங்கிய ஊசியும் அப்படித்தான்.

10. பாவாடைச் சுருக்கம் ஒரே சீராக வர: மெஷினில் தையலைப் பெரிதாக்கி, விளிம்பிலிருந்து கால் இன்ச்சில் ஒன்று, அரை இன்ச்சில் ஒன்று என இரண்டு வரி ஓட்டுங்கள். பாபின் நூல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால் துணி தானாகச் சுருங்கும். மேலுடம்பையும் பாவாடையையும் நாலு நாலு பாகமாக மடித்துக் குறி வைத்து, குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்திய பிறகு இழுங்கள். பாவாடை அகலம் மேலுடம்பைப் போல இரண்டு மடங்கு போதும். மூன்று மடங்கு வைத்தால் இடுப்பைச் சுற்றி மெத்தை கட்டியது போலப் புழுங்கும்.

11. கவுனை உள்பக்கம் திருப்பிப் போட்டாலும் உறுத்தக் கூடாது. ஓவர்லாக் போட்ட விளிம்பு துணிக்கு நல்லது, பிள்ளையின் இடுப்புக்கு நல்லதில்லை; அந்த நைலான் நூல் ஊசி முள்ளாகக் குத்தும். அதற்குப் பதில் இரட்டை மடிப்புத் தையல் போடுங்கள். துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டையும் சேர்த்துக் கால் இன்ச்சில் முதல் தையல். மிஞ்சிய விளிம்பைப் பாதியாக நறுக்கிவிட்டு, துணியைப் புரட்டி, அந்த விளிம்பு உள்ளே அடங்கும்படி அதே அளவில் இரண்டாவது தையல். பிசிறு முழுதும் தையலுக்குள் ஒளிந்துகொள்ளும். நேரம் இரண்டு பங்கு ஆகும். ஆனாலும் இதில் மட்டும் நான் சோம்பல் படுவதில்லை.

12. கழுத்துக்கும் கைக்கும் ஒன்றேகால் இன்ச் அகலத்தில் கிராஸ் பட்டி. துணியின் மூலையை மடித்துச் சரியான குறுக்கில் வெட்டினால்தான் வளைவில் படியும். கொஞ்சம் இழுத்தாற்போல் பிடித்துத் தையுங்கள். தளர விட்டால் கழுத்து அலை அலையாக நிற்கும்.

13. முதுகில் ஜிப் வேண்டாம். வெயிலில் சுடும், தோலைக் கடிக்கும். ஒரு சின்ன பட்டன், அதற்கு ஒரு காஜாவோ நூல் வளையமோ போதும். பட்டனை இரட்டை நூலில் தைத்து, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் பிரித்துத் திரும்பத் தையுங்கள். சின்னக் குழந்தை எதையும் வாயில் போடும். கழுத்தில் முடிச்சுப் போடும் நாடாவும் குஞ்சமும் எவ்வளவு அழகானாலும் நான் வைக்கமாட்டேன். சறுக்கு மரத்திலும் ஊஞ்சல் சங்கிலியிலும் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.

14. பை வைக்காத கவுனை என் பேத்தி கவுனாகவே மதிப்பதில்லை. நாலு இன்ச் சதுரத்தில் முன்பக்கம் ஒட்டுப் பை ஒன்று. வாயின் இரு மூலைகளிலும் சின்ன முக்கோணமாக இரட்டைத் தையல் போடுங்கள், கிழிசல் அங்கேதான் தொடங்கும். துவைக்கும் முன் பையில் கைவிட்டுப் பார்ப்பது முக்கியம். போன வருடம் புளியங்கொட்டை, பாதி சப்பிய ஆரஞ்சு மிட்டாய், ஒரு முறை உயிரோடு ஒரு பொன்வண்டு.

15. இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் வளர்வார்கள், அதாவது சுமார் இரண்டரை இன்ச். ஆனால் உடம்பு அந்த அளவுக்குப் பருக்காது. நீளத்துக்கு மட்டும் வழி செய்து வைத்தால் ஒரே கவுன் இரண்டு கோடை வரும். பாவாடைத் துணியை 20 இன்ச் நீளத்துக்கு வெட்டுங்கள். அடியில் மூன்று இன்ச் மடித்து எம்மிங் போடுங்கள். அதற்கு மேலே அரை இன்ச் ஆழத்தில் இரண்டு டக் பிடித்துப் பெரிய தையலாக ஓட்டுங்கள். பார்ப்பவர்களுக்கு அலங்காரமாகத் தெரியும். அடுத்த வருடம் ஒரு டக்கைப் பிரித்தால் ஒரு இன்ச் இறங்கும். இரண்டையும் பிரித்தால் இரண்டு. அதற்கும் மேலே வேண்டுமென்றால் அடி மடிப்பு இருக்கிறது. பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு வெளுத்துத் தெரிந்தால் அதன்மேல் பருத்தி லேஸோ ஒரு வரிச் சங்கிலித் தையலோ போட்டுவிடுங்கள்.

16. குண்டூசிகளை எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். என் டப்பாவில் 20. பத்தொன்பதுதான் இருக்கிறதென்றால் இருபதாவது கிடைக்கும்வரை கவுன் குழந்தை கைக்குப் போகாது.

17. வெட்டி மிஞ்சிய துணியில் மூன்று இன்ச் சதுரம் ஒன்றை எடுத்து, அடி மடிப்பின் உள்பக்கம் நாலு தையலில் பிடித்துவையுங்கள். கவுன் துவைக்கும்போதெல்லாம் அதுவும் துவையும், கவுன் வெளுக்கும் அளவுக்கு ஏறக்குறைய அதுவும் வெளுத்திருக்கும். பின்னாளில் ஒட்டுப் போட நேர்ந்தால் நிறம் வித்தியாசமாகத் தெரியாது. போன மே மாதம் மாடிக் கம்பிக்கதவில் மாட்டி அவளுடைய நீலச் சுங்குடி கிழிந்தபோது, அழுதுகொண்டே வந்தவளை மடியில் உட்கார வைத்து மடிப்பைப் பிரித்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டினேன். அழுகையை நிறுத்திவிட்டு, மற்ற கவுன்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மடிப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் இருந்தது.