சிக்லிட் மீன்களில் தூய வழியும் கலப்பும்: மைசூரு வளர்ப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிக்லிட் குடும்பத்தின் நெருங்கிய இனங்கள் ஒரே தொட்டியில் இருந்தால் எளிதில் இணைசேர்ந்து, இனப்பெருக்கத் திறனுள்ள கலப்புக் குஞ்சுகளையே பெரும்பாலும் ஈனுகின்றன. விக்டோரியா ஏரியில் நீர் கலங்கியபோது, ஆண்களின் நிறத்தைப் பெண்மீன்களால் பிரித்தறிய இயலாமல் இனங்கள் ஒன்றோடொன்று கலந்துபோவதை 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இயற்கையிலேயே இவ்வளவு மெல்லியதாக இருக்கும், இனங்களைப் பிரித்து வைக்கும் தடை கண்ணாடித் தொட்டிக்குள் தானாக நிலைக்காது என்பதால், அதனை வளர்ப்பவரே ஏற்படுத்த வேண்டும். மலாவி ஏரியின் மயில் சிக்லிட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதற்கான படிகள் கீழே தரப்படுகின்றன.

1. நோக்கத்தை முடிவு செய்தல்: ஓர் இனத்தின், அல்லது அதில் ஓர் இடத்துக்குரிய வகையின், மரபு பிறவற்றோடு கலவாமல் தொடர்வதே தூய வழி எனப்படும். ஃபிளவர்ஹார்ன், பிளட் பேரட் ஆகியவை மனிதர் உருவாக்கிய கலப்பினங்கள். இவ்விரண்டு நோக்கங்களுக்கும் தனித்தனித் தொட்டிகள் தேவை.

2. தாய்மீன்களைத் தேர்ந்தெடுத்தல்: மயில் சிக்லிட்டுகளுள் ஒன்றான ஆலோனோகாரா ஸ்டூவர்ட்கிராண்டி என்ற ஒரே இனத்தின் ஆண்கள், சிலும்பா, உசிஸ்யா என வாழிடத்துக்கு ஏற்ப நிறம் மாறுபடுவதால், இனப்பெயரோடு இடப்பெயரும் தெரிந்த மீன்களையே வாங்க வேண்டும். கடையின் கலவைத் தொட்டி மீன்கள் இதற்கு உதவா.

3. தனிமைப்படுத்துதல்: மயில் சிக்லிட்டின் பெண்கள் சாம்பல் நிறத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், கலந்த பின் அவற்றை இனம் பிரிப்பது மிகக் கடினம். எனவே ஒரு தொட்டிக்கு ஒரு வகை மட்டுமே இருக்க வேண்டும்.

4. நீரைச் சீராக்குதல்: இம்மீன்களுக்குக் காரத்தன்மையுள்ள, 7.8 முதல் 8.6 வரை பிஎச் கொண்ட நீரும், 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ஏற்றவை. ஆகவே மைசூருவின் குழாய்நீரைக் குளோரின் நீக்கிச் சோதித்த பின் பயன்படுத்துவதோடு, டிசம்பர், ஜனவரி இரவுகளின் குளிருக்கு ஹீட்டரையும் பொருத்த வேண்டும்.

5. இணைசேர்த்தல்: ஓர் ஆணுக்கு மூன்று அல்லது நான்கு பெண்கள் என விட்டால் துரத்தல் பரவலாகி, எந்தப் பெண்ணும் ஓயாது துன்புறாது. பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏறத்தாழ மூன்று வாரம் வாயில் வைத்துக் காப்பதால், அக்காலத்தில் அதனைத் தனித்தொட்டிக்கு மாற்றுவது நன்று.

6. பதிவும் தேர்வும்: பெற்றோர், தேதி, மூலம் ஆகியவற்றை எழுதி வைத்து, உடல்வளைவு போன்ற குறையுள்ள குஞ்சுகளை இனப்பெருக்கத்திலிருந்து விலக்க வேண்டும். உடன்பிறந்தவை தலைமுறை தலைமுறையாக இணைவதாகிய உள்ளினப் பெருக்கம் வழியை நலிவடையச் செய்யும் என்பதால், அதே இட வகையைச் சேர்ந்த, உறவற்ற மீன்களை வேறு வளர்ப்பாளரிடமிருந்து அவ்வப்போது பெற வேண்டும்.

7. கலப்பினங்களைக் கையாளுதல்: அவற்றைக் கலப்பினம் என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்கவோ கொடுக்கவோ வேண்டும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் ஒரு சிக்லிட்டே. அது நாட்டின் நீர்நிலைகளில் பரவிய வரலாற்றை நினைவில் கொண்டு, தூயதோ கலப்போ, எந்த மீனையும் குக்கரஹள்ளி ஏரியிலோ காவிரியிலோ விடலாகாது.

தூய வழிகள் இரண்டு கையில் இருந்தால் கலப்பினத்தை எப்போது வேண்டுமானாலும் உருவாக்கலாம். கலந்துவிட்ட வழியிலிருந்து தூயதை மீட்க இயலாது. ஆதலால், கலப்பில் ஆர்வமுள்ளவர்களும் முதலில் தூய வழியைக் காப்பதே முறை.