கடையில் வாய் திறவாதவர்

நம் கடைகளில் இரு வகைச் சிப்பந்திகளைக் காண்கிறோம். ஒருவர் கடைக்கதவைத் திறக்கும்போதே மகளின் நிக்காஹ் செலவு, மச்சான் வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். மற்றவருடன் பத்தாண்டுகள் ஒரே சஹனில் உண்டிருப்போம். அவருக்குப் பிள்ளைகள் எத்தனை என்பதே நமக்குத் தெரியாது. முன்னவரை வெள்ளை மனத்தவர் என்கிறோம். பின்னவரை அழுத்தக்காரர் என்கிறோம். கல்லாவில் பணம் குறைந்தால் நம் கண் முதலில் யார் பக்கம் திரும்புகிறது? ஒவ்வொரு முதலாளியும் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

பேச்சின் மிகுதியும் குறைவும் சுபாவத்தைச் சேர்ந்தவை. மனநூல் அறிஞர் யுங், மனம் வெளிநோக்கியவர், உள்நோக்கியவர் என மனிதரை 1921-லேயே வகுத்துக் காட்டினார். 1958-ல் அமெரிக்காவில் ஜுரார்ட், லசக்கோவ் என்ற இருவர் 60 வினாக்களைக் கொண்டு ஆராய்ந்தனர். கருத்து, ரசனை, வேலை பற்றித் தாராளமாகப் பேசியவர்கள், பணம், உடல், தம் குணம் ஆகியவை பற்றிக் குறைவாகவே பேசினர். (அவர்கள் மாணவர்கள், நம்மைப்போல் வியாபாரிகளல்லர்.) ஆக, கலகலப்பாகப் பேசுகிறவரும் கடனையும் நோயையும் மறைத்திருக்கக் கூடும்.

யூசுஃப் நபி (அலை) அவர்களின் சரிதையைப் பாருங்கள். கனவைச் சகோதரர்களிடம் சொல்ல வேண்டாமெனத் தந்தை தடுத்தார். அதே யூசுஃப் நபி, களஞ்சியப் பொறுப்புக்குத் தாம் தகுதியுடையவர் என்பதை மன்னரிடம் தாமே எடுத்துரைத்தார். பின்னர் தம் இளைய சகோதரரிடம் மட்டும் தம்மை வெளிப்படுத்தினார். மற்றவர்கள் தம்மீது திருட்டுப் பழி சொன்னபோதோ மனத்துள் அடக்கிக்கொண்டார். அந்த மௌனத்தைக் கள்ளம் என்போமா?

சரக்கின் குறையை மறைப்பது கூடாது; அங்கே சுபாவம் சாக்காகாது. வீட்டுக் கதையைச் சொல்லாதிருப்பது வேறு. சிக்கலெல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவில்தான். பார்வை மங்கிய கணக்கப்பிள்ளையும், தலைச்சுற்றலோடு லாரி ஓட்டுபவரும் சொல்லியே ஆகவேண்டும். ஆனால், வேலை போய்விடுமென்று அஞ்சுபவர் எப்படிச் சொல்வார்?

ஒருவர் மனம் திறந்தால் மற்றவரும் திறப்பார் என்பது ஜுரார்ட் கண்ட இன்னொரு விஷயம். முதலாளி தமக்கு வந்த முதல் நஷ்டத்தைப் பற்றி ஒருநாள் பேசிப் பார்க்கலாம். வாடிக்கையாளர் முன்னிலையில் வேண்டாம். கடை சாத்தியபின், தேநீர் வேளையில் தனியே பேசுங்கள். உள்ளடக்கமானவர் அன்றே பதில் சொல்லமாட்டார். அடுத்த மாதமும் கேளுங்கள். அவர் சொன்னதை மறுநாள் காப்பிக்கடையில் கதையாக்கிவிட்டால், அப்புறம் அவர் மட்டுமல்ல, கடையில் எவருமே உங்களிடம் வாய் திறக்கமாட்டார்.