ஓயாத அரிப்பு, இளகிய மலம்: நாயின் உணவைச் சோதிக்கும் முறை

ஆண்டு முழுவதும் பாதங்களை நக்கிக்கொண்டும் காதுகளைச் சொறிந்துகொண்டும் இருக்கும் நாய்க்கு மலமும் அடிக்கடி இளகிப்போகுமானால், உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, குடற்புழு ஆகியவை காரணமல்ல என்று கால்நடை மருத்துவர் உறுதிசெய்தபின், உணவு ஒவ்வாமையை, அதாவது உணவிலுள்ள ஒரு புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பாற்றல் பகையெனக் கருதித் தாக்கும் நிலையை, ஐயுற வேண்டும். இதற்கு இரத்தப் பரிசோதனையை நம்ப இயலாது. நாய் இதுவரை உண்டிராத ஓர் இறைச்சியையும் ஒரு மாவுப்பொருளையும் மட்டுமே கொடுத்துப் பார்க்கும் விலக்குணவுச் சோதனையே உரிய வழி. கோழி, மாட்டிறைச்சி, பால், கோதுமை ஆகியவையே பெரும்பாலும் ஒவ்வாமை தருவதால், கோழிச் சோறும் தயிர் சாதமும் தின்று வளர்ந்த நாய்க்கு, மருத்துவரின் ஒப்புதலோடு, முயல் இறைச்சியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பொருந்தலாம். வெங்காயமும் பூண்டும் நஞ்சாதலால் அறவே கூடாது. வயிறு பெரும்பாலும் 2 அல்லது 3 வாரங்களில் சீராகும். தோலுக்கோ 8 வாரங்கள் வேண்டும். இவ்வளவு நாள் பொறுத்திருப்பது எளிதன்று. தேநீர் வேளையில் தாத்தா அன்போடு நீட்டும் பிஸ்கட் துண்டும், இறைச்சிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரையுங்கூட முடிவைப் பிழையாக்கிவிடும் என்பதால், வீட்டார் அனைவரும் இதற்கு உடன்பட வேண்டும். நலமடைந்தபின் பழைய உணவை மீண்டும் கொடுக்கையில், இரு வாரங்களுக்குள் அரிப்புத் திரும்பினால்தான் ஒவ்வாமை உறுதியாகும்.