பூகோளமும் பிள்ளை விளையாட்டும்

ஓடி விளையாடும் இளஞ்சிறுவனுக்கு உலகம் என்பது அவன் வீடும், தெருவும், அதற்கப்பால் உள்ள குளக்கரையுமே ஆகும். அவனிடம் கண்டங்களின் பெயர்களையும் நாடுகளின் தலைநகரங்களையும் கூறி நெட்டுருச் செய்யச் சொன்னால் அவன் தடையின்றி ஒப்பிப்பான். ஆயினும், அப்பெயர்கள் நாவில் நிற்குமேயன்றி நெஞ்சில் நில்லா. கண்ணால் முழுதும் காண இயலாத பெருநிலப் பரப்பைக் குழந்தையின் உள்ளத்தில் பதிய வைப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை கண்டோர் சிலர், ஏட்டை மூடிவைத்து விளையாட்டுப் பொருளைக் குழந்தையின் கையில் கொடுத்தனர்.

இலண்டன் மாநகரில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வாழ்ந்துவந்தார். தேசப்படங்களைச் செதுக்கி அச்சிடுவது அவர்தம் தொழில். 1760ஆம் ஆண்டிற்குப் பின்னர், அவர் தேசப்படத்தை மெல்லிய மகாகனிப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டு வழியே நுண்ணிய வாளால் அறுத்து, அத்துண்டுகளைப் பெட்டியில் இட்டு விற்கலானார். 1766இல் அவர் அமைத்த ஐரோப்பாப் படம் இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. கலைத்த துண்டுகளை மீண்டும் பொருத்துவதே விளையாட்டு. அக்காலத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மக்களை வளர்க்கும் பொறுப்பேற்றிருந்த சார்லட் பிஞ்ச் சீமாட்டியும், இத்தகைய படங்களை மரப்பேழையில் வைத்திருந்து அரச குழந்தைகளுக்குப் பூகோளம் கற்பித்தார். இன்று பொழுதுபோக்காகக் கருதப்படும் துண்டுப்பட விளையாட்டு, தொடக்கத்தில் பூகோளப் பாடமாகவே விளங்கியது.

துண்டுகளைப் பொருத்தும் குழந்தை, தன்னை அறியாமலே பல உண்மைகளை உணர்கின்றது. இத்தாலி நீண்ட காலணி போன்றது என்பதை அதன் விரல்கள் அறிகின்றன. சுவிட்சர்லாந்தின் நாற்புறமும் நிலமே சூழ்ந்துள்ளது என்பதை, அத்துண்டிற்கு இடம் தேடும்போது காண்கின்றது. ஒரு சிறு நாட்டின் துண்டு காணாமற் போயினும் படம் நிறைவு பெறாது. பெரிய நாடே ஆயினும் அந்த இடத்தை நிரப்ப இயலாது.

இவ்விளையாட்டு மற்றுமோர் உண்மையையும் புலப்படுத்தும். ஸ்பில்ஸ்பரியின் காலத்தில் போலந்து பெரியதோர் அரசாக இருந்தது. அண்டை அரசுகள் மூன்றும் அதனைப் பங்கிட்டுக் கொண்டமையால், 1795இல் அது தேசப்படத்திலிருந்தே மறைந்தது. பின்னர் 1918இல் மீண்டும் தனி நாடாயிற்று. மலையும் கடலும் இயற்கை வகுத்தவை. நாட்டின் எல்லைகளோ மனிதர் வகுத்தவை. பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே பொருத்திப் பார்க்கும் சிறுவன் இவ்வேறுபாட்டை எளிதில் அறிவான்.

நாட்டின் வடிவை மரத்துண்டு காட்டும். நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டுவது களிமண். சுவிட்சர்லாந்தில் இவர்தோன் என்னும் ஊரில், 1805ஆம் ஆண்டு முதல் பெஸ்டலாசி என்னும் கல்வியறிஞர் பள்ளி நடத்தினார். அங்குப் பயின்ற சிறுவர் அருகிலிருந்த பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அதனைக் கூர்ந்து நோக்கிய பின், களிமண் எடுத்துவந்து, தாம் கண்ட பள்ளத்தாக்கை மேசைமீது உருவாக்கினர். அதன் பின்னரே தேசப்படம் அவர்களுக்குக் காட்டப்பட்டது. அப்போது, படத்தின் கோடுகள் அவர்கள் கண்களுக்குக் குன்றாகவும் ஆறாகவும் தோன்றின. இப்பள்ளியைக் கண்டு பயன்பெற்றவர்களுள் ஒருவரே, பிற்காலத்தில் புகழ்பெற்ற பூகோள அறிஞராகிய கார்ல் ரிட்டர்.

இத்தகைய பயிற்சிக்கு விலையுயர்ந்த பொருள்கள் வேண்டுவதில்லை. வீட்டு முற்றத்தில் ஈரமணலைக் குவித்து, அதன் உச்சியில் மெல்ல நீர் வார்த்தால் போதும். நீர் பள்ளம் நாடி ஓடும்; மணலை அரித்துச் சென்று அடியில் விசிறிபோல் பரப்பும். காவிரியும் நைல் ஆறும் கடலோரத்தில் வண்டல் நிலத்தை ஆக்கியதைக் குழந்தை அதனால் உய்த்துணரும். இருண்ட அறையில் ஒரு விளக்கின் முன் பந்தைச் சுழற்றினால், சென்னையில் நண்பகலாக இருக்கும்போது நியூயார்க்கில் இரவாக இருப்பதன் காரணம் விளங்கும்.

ஓர் ஆரஞ்சுப் பழம் இவற்றினும் அரியதொரு பாடத்தைக் கற்பிக்கும். பழத்தின்மேல் கண்டங்களை மையால் வரைந்து, தோலைச் சிதையாமல் உரித்துப் பலகைமேல் பரப்ப முயன்றால் அது கிழியும். கிழியாது பரப்ப வேண்டுமாயின், இழுத்து நீட்ட வேண்டும். உருண்டையான உலகைத் தட்டையான தாளில் வரைவோர்க்கும் இவ்விடர்ப்பாடே நேர்கின்றது. 1569இல் மெர்க்கேட்டர் என்பவர் கடலோடிகளுக்கு உதவும்பொருட்டு வரைந்த படத்தில் திசைகள் செம்மையாக உள்ளன. ஆயின், துருவங்களை அடுத்த நிலங்கள் மிகப் பெரியனவாகத் தோன்றுகின்றன. அம்முறையில் வரைந்த படங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவிற்கு நிகராகக் காணப்படும். உண்மையில் ஆப்பிரிக்கா அதனினும் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. தாளை மட்டும் கண்ட சிறுவன், ஒரு பெருங்கண்டத்தைச் சிறிதென்றே வாழ்நாள் முழுதும் எண்ணக்கூடும். பழத்தோலை விரித்துப் பார்த்தவன் அவ்வாறு ஏமாறான்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர். இளமையில் பதிந்த தவறான எண்ணத்தைப் பின்னர் நீக்குதல் அரிது. ஆதலின், உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர், பழைய தேசப்படம் ஒன்றை அட்டையில் ஒட்டி வெட்டித் தம் தம்பி தங்கையர்க்கு அளித்தல் நன்று. அவர்கள் உலகைத் துண்டு துண்டாகக் கையில் எடுத்து ஒன்றாக இணைப்பர். எல்லா நாடுகளும் சேர்ந்ததே உலகம் என்னும் உண்மை, அவ்விளையாட்டினூடே அவர்தம் உள்ளத்தில் வேரூன்றும்.